மங்கு மறைந்த ஏழு மாதம்

எனக்கு முகத்தில் மங்கு விழத் தொடங்கியது நாற்பத்திரண்டு வயதில். முதலில் வலது கன்ன எலும்பின் மேல், தேத்தண்ணீர் சிந்திக் காய்ந்தது போல ஒரு திட்டு. பிறகு அது கீழே இறங்கியது. நெற்றிக்கு ஏறியது. மேலுதட்டுக்கு மேலே மீசை மாதிரி ஒரு கோடு வந்தது. இடது பக்கமும் உண்டு, ஆனால் வலதுதான் அதிகம். நான் பேருந்து ஓட்டுகிறேன். சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து கிளம்பும் ஒரு தடத்தில் பதினோரு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் இருக்கை வலது பக்கம், சன்னலும் வலது பக்கம். காலை ஷிஃப்டோ மாலை ஷிஃப்டோ, ஏதாவது ஒரு நடையில் வெயில் அந்தக் கன்னத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

பயணிகள் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. பேசியதெல்லாம் நம் ஆட்கள்தான். ஒரு காதுகுத்து விருந்தில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து, "என்ன கௌரி, முகமெல்லாம் இப்படிக் கருத்துப் போச்சு? ஈரல செக் பண்ணிப் பாத்தியா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு யாராவது படம் எடுத்தால் இடது கன்னம் தெரியும்படி திரும்பி நிற்கப் பழகிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் முறையாகத்தான் வைத்தியம் பார்த்தேன். பலதுறை மருந்தகம் என்கிற அரசு கிளினிக்கில் ஓர் இளம் டாக்டர் முகத்தை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு "மெலாஸ்மா" என்றார். நாம் மங்கு என்று சொல்வதுதான். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருள் சில இடங்களில் மட்டும் அதிகமாகச் சேர்ந்து திட்டாகத் தங்கிவிடுகிறது. வெயிலும் உடம்பில் ஹார்மோன் மாறுவதும் அதைத் தூண்டும். ஆபத்து இல்லை, ஆனால் பிடிவாதம் பிடித்தது என்றார். பகலில் பூச ஒரு சன்ஸ்கிரீன், இரவில் திட்டின் மேல் மட்டும் மெல்லியதாகத் தடவ ஒரு கிரீம். "மூணு மாசமாவது ஆகும். மொதல்ல கொஞ்சம் எரியும், உரியும். விட்டுடாதீங்க," என்று சொல்லி, தோல் மருத்துவரிடம் போகவும் தேதி வாங்கிக் கொடுத்தார்.

நான் மூன்று வாரத்தில் விட்டுவிட்டேன். எரிந்தது. உரிந்தது. மங்கு அப்படியே இருந்தது. தோல் மருத்துவர் தேதியை ஷிஃப்டைக் காரணம் சொல்லி இரண்டு முறை தள்ளிப் போட்டேன். மூன்றாம் முறை கூப்பிட்டார்கள், நான் எடுக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் விஜி வந்தாள். விஜி என் கணவர் சேகரின் தங்கை. செங்காங்கில் இருக்கிறாள். ஒரு துணைப்பாட நிலையத்தில் வேலை, மீதி நேரத்தில் தெரிந்தவர்களுக்குக் கைப்பேசி வழியாக அழகுப் பொருள் விற்பாள். கெட்டவள் இல்லை. எனக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது இரண்டு வாரம் எங்கள் வீட்டில் தங்கிச் சமைத்துப் போட்டவள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு வந்தபோது பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மேலே பெயர் இல்லை, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை.

"இத எல்லாருக்கும் குடுக்கறதில்ல அண்ணி. ரெண்டே வாரம் போட்டுப் பாருங்க. அப்புறம் நீங்களே கேப்பீங்க."

அவள் சொன்னபடியே ஆயிற்று. இரண்டாவது வாரம் மேலுதட்டுக் கோடு போனது. ஒரு மாதத்தில் கன்னம் தெளிந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பேருந்து முனையத்தின் கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு முறையும் பார்ப்பேன். சக ஓட்டுநர்கள், "என்ன, லீவுல எங்க போய்ட்டு வந்தே?" என்று கேட்டார்கள். ஏழு மாதம், ஒரு நாள் விடாமல் பூசினேன்.

ஆறாவது மாதம் தாண்டியதும் அலுப்பு வந்தது. வேலை அலுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்து நின்றது. சப்பாத்து இறுக்கமாயிற்று. மாலையில் காலுறையைக் கழற்றினால் அதன் தடம் கயிறு கட்டியது போலக் காலில் பதிந்திருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுவதால் வீங்குகிறது என்று நினைத்தேன். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனது. அதையும் கழிவறைக் கிண்ணம் கழுவும் சோப்பு என்று நினைத்தேன். மனிதன் பயப்படாமல் இருக்க எத்தனை காரணம் கண்டுபிடிக்கிறான்!

ஒரு நாள் காலை எழுந்தபோது கண் இமை திறக்க முடியாதபடி வீங்கியிருந்தது. சேகர் என்னைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போன் பண்ணி விடுப்புச் சொன்னார். மருந்தகத்தில் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தார்கள். அது நிறம் மாறிய வேகத்தில் பட்டையைப் பிடித்திருந்த தாதியின் முகமும் மாறியது. அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாள் ஆகலாம் என்றார்கள். பதினொரு நாள் ஆயிற்று.

ஆறு கட்டில் போட்ட வார்டு. எனக்குச் சன்னல் ஓரம். முதல் நாள் ரத்தம், இரண்டாம் நாள் ஸ்கேன். அதோடு இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர் முழுவதையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு சொட்டு வெளியே போனாலும் மறுபடி முதலிலிருந்து. நான் ஒரு முறை மறந்து கழிவறையில் போய்விட்டேன், மறுபடி முதலிலிருந்து. குடிக்கும் தண்ணீருக்கு அளவு. சாப்பாட்டில் உப்பு கிடையாது.

எனக்கு என்ன நோய் என்று புரியும்படி சொன்னது ஸ்டெல்லா என்ற தாதி. நாகர்கோவில் பக்கம். இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறதாம்.

"கிட்னிங்கறது ஒரு வடிகட்டி அக்கா. டீ வடிகட்டில ஓட்ட பெருசாப் போனா தூளும் சேந்து எறங்கிரும்லா? அதேமாரி உங்க ரத்தத்துல இருக்க வேண்டிய புரோட்டீன் யூரின்ல எறங்குது. அதான் நொர. ரத்தத்துல புரோட்டீன் கொறஞ்சா தண்ணி அங்க நிக்காது, தசைக்குள்ள போய்த் தேங்கிரும். அதான் வீக்கம்."

"ஏன் ஓட்ட பெருசாச்சு?"

"அதத்தான் தேடறாங்க."

தேடினார்கள். சிறுநீரக டாக்டர் நடுவயதுச் சீனப் பெண்மணி, மெதுவாகப் பேசுவார், ஆங்கிலத்தில். நீரிழிவு உண்டா, வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நாட்டு மருந்து, லேகியம், மூலிகைப் பொடி, உடல் மெலிய ஏதாவது? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். முகத்தில் தடவுவதை மருந்துக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? இரண்டாம் நாள் மாலையே என் மகள் நிவேதாவிடம், பல் துலக்கும் பிரஷோடு அந்த வெள்ளை டப்பாவையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் சீப்புக்கும் திருநீற்றுச் சிமிழுக்கும் நடுவே அது இருந்தது. தினமும் தடவிக்கொண்டேன்.

அந்த நாட்களில் சேகர் வேலை முடிந்து சீருடையோடு வருவார். குளிர்சாதனம் பழுது பார்க்கிற வேலை, கையில் எப்போதும் அழுக்கு ஏறியிருக்கும். வந்ததும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கிட்டே வருவார். ஒரு நாள் என் கால் நகங்களைப் பார்த்தார். வீக்கத்தில் என்னால் குனிய முடியாமல் அவை வளர்ந்து கிடந்தன. மறுநாள் நகவெட்டியோடு வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து ஒவ்வொன்றாக வெட்டினார். இருபத்து நான்கு வருடக் கல்யாணத்தில் அவர் என் காலைத் தொட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வெட்டி முடித்துத் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, "பில்லுக்குக் காப்புறுதிக்காரங்க பேசினாங்க, அதப் பத்தி யோசிக்காத," என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் சிறுநீரகத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, நீளமான ஊசியை உள்ளே விட்டு நூல் அளவுக்கு எடுப்பார்கள். வலி அவ்வளவு இல்லை. உள்ளே விடும்போது ஸ்டேப்ளர் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும், அதுதான் பயம். அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் கிடக்க வேண்டும். உள்ளே ரத்தம் கசியாமல் இருக்க.

சாயங்காலம் நிவேதா வந்தாள். பத்தொன்பது வயது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் கூரையைப் பார்த்தபடி, "நிவி, அந்தக் கிரீம எடுத்துப் போட்டு விடும்மா. என்னால கையத் தூக்கக்கூட முடியல," என்றேன்.

அவள் மூடியைத் திறந்து, நடுவிரலால் எடுத்து, என் நெற்றியிலும் கன்னத்திலும் மெதுவாகத் தடவினாள். பூசி முடித்தபின் விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் தன் தாடையில் தேய்த்துக்கொண்டாள். யோசித்துச் செய்யவில்லை. தினமும் செய்கிறவள் கை அது.

அந்த நேரம் திரை ஓரத்தில் டாக்டர் நின்றிருந்தார். என் முதுகுக் கட்டைப் பார்க்க வந்தவர்.

"அது என்ன?"

"ஃபேஸ் கிரீம்," என்றாள் நிவேதா.

டாக்டர் டப்பாவை வாங்கினார். திருப்பினார். அடியில் பார்த்தார். மூடிக்குள் பார்த்தார். "எங்கே வாங்கியது?"

"என் அத்தை குடுத்தாங்க. அம்மாவுக்கு."

"அம்மா எவ்வளவு நாளாகப் பூசுகிறார்?"

"ஏழு மாசம்," என்றேன் நான், கூரையைப் பார்த்துக்கொண்டே.

டாக்டர் டப்பாவை மூடினார். பிறகு என்னை விட்டுவிட்டு நிவேதாவிடம் கேட்டார். "நீ?"

நிவேதா என்னைப் பார்த்தாள். "மூணு மாசம். பிம்பிள் போன இடமெல்லாம் கறுப்பா நின்னுச்சு. அம்மா, கொஞ்சம் கொஞ்சந்தான் எடுத்தேன். உங்களுக்குத் தெரியாமதான்... சாரிம்மா."

எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அவள் அழுகிற சத்தம் கேட்கிறது, தலையைத் திருப்பக் கூடாது. அந்த ஆறு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

டாக்டர் டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பினார். எங்கள் இருவரின் ரத்தமும் சிறுநீரும் போயின. முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் எனக்கு என் சிறுநீரகம் ஞாபகமே வரவில்லை. நிவேதாவின் கண் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வீங்கிருக்கா? சரியாத் தூங்கினியா?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது.

முடிவு வந்தது. கிரீமில் பாதரசம். வெப்பமானியில் வெள்ளியாக ஓடுமே, அந்தப் பாதரசத்தின் உப்பு. அது மெலனின் உண்டாவதைத் தடுத்துவிடும், அதனால்தான் மங்கு அவ்வளவு சீக்கிரம் மறைந்தது. ஆனால் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் தங்கும். என் வடிகட்டியின் சுவர் தடித்துச் சேதமாகியிருந்தது. நிவேதாவின் ரத்தத்திலும் பாதரசம் இருந்தது, ஆனால் அவள் சிறுநீரில் புரதம் இறங்கவில்லை.

"மகளுக்கு நிறுத்தினாலே போதும் என்று நினைக்கிறேன். மாதம் ஒரு முறை பரிசோதிப்போம்," என்றார் டாக்டர். எனக்குப் பாதரசத்தைப் பிணைத்து வெளியே கொண்டுபோகும் மாத்திரையும், நீர் பிரிய மாத்திரையும். சிறுநீரகம் தானாகத் தேறலாம், மாதங்கள் ஆகும், முழுதாகத் தேறும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இந்தக் கிரீமைப் பற்றி அதிகாரிகளுக்குத் தான் தெரிவித்தாக வேண்டும் என்றும் சொன்னார். "உங்கள் உறவினர் வேறு யாருக்குக் கொடுத்தார் என்று தெரிந்தால் அவர்களுக்கு உடனே சொல்லுங்கள்."

சேகர் தங்கையைக் கூப்பிட்டார். விஜி வார்டுக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நான் தெரிஞ்சா குடுத்தேன்? நானும்தானே போடறேன்!"

"எத்தன பேருக்குக் குடுத்தே?" என்று கேட்டார் சேகர்.

"உங்களத் தவிர பதினொரு பேரு."

"அவங்களுக்குச் சொன்னியா?" என்றேன்.

"எப்படி அண்ணி சொல்றது? போலிசுக்குப் போயிருவாங்க. வேலை போயிரும். பொறுத்துச் செய்யலாம்லா. கிரீமு தீந்தா அவங்களே நிறுத்திருவாங்க."

சேகர் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் தங்கை, ஒரு பக்கம் நான். எனக்குச் சத்தம் போடத் தெம்பில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள், அதோடு முடிந்திருக்கும்.

"விஜி, நிவியும் போட்டிருக்கா. மூணு மாசமா. அவ ரத்தத்துலயும் இருக்கு."

அவளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. நிவேதா பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் அவள். கட்டில் ஓரத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் இருந்த பெஞ்சுக்குப் போனாள். பதினொரு பேரையும் கூப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவே சேகர் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

ஒன்பது பேர் கேட்டுக்கொண்டார்கள். அதில் மூன்று பேர் திட்டினார்கள். ஒருவர் திட்டிவிட்டு விஜியின் எண்ணை முடக்கினார், அவர் கணவருக்குச் செய்தி அனுப்பினோம். ஆங் மோ கியோவில் மல்லிகா என்று ஒருவர் மட்டும், "எனக்கு நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் மங்கு திரும்பியது. முன்பைவிடக் கறுப்பாக. டாக்டர் சொல்லித்தான் இருந்தார். இந்த முறை தோல் மருத்துவரின் தேதியைத் தள்ளவில்லை. அவரிடம் பழைய கதை முழுவதும் சொன்னேன், மூன்று வாரத்தில் விட்ட கதையையும்.

"சீக்கிரம் பலன் தரும் கிரீம் என்னிடமும் இருக்கிறது," என்றார். ஹைட்ரோகுவினோன் என்று ஒன்று உண்டு, ஆனால் அதை டாக்டர் கண்காணிப்பில், சில மாதம் மட்டும், இடைவெளி விட்டுப் பூச வேண்டும். கண்டபடி பூசினால் தோலே நிரந்தரமாகக் கருத்துப்போகும். எனக்கு அது இப்போதைக்கு வேண்டாம் என்று அசெலாயிக் அமிலக் கிரீம் கொடுத்தார். முதல் வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், பட்டாணி அளவு. பகலில் நிறமூட்டிய சன்ஸ்கிரீன், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. வெயிலைத் தடுக்காமல் எந்தக் கிரீமும் வேலை செய்யாது என்றார். பேருந்துச் சன்னல் கண்ணாடிகூடக் கொஞ்சம் வெயிலை விட்டுவிடுமாம்.

பூசுகிறேன். எரிகிறது, அரிக்கிறது, பழகிவிட்டது. நான்காவது மாதம் தோல் மருத்துவர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "குறைந்திருக்கிறது," என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புரதம் இறங்குவது பாதிக்குக் கீழே வந்திருக்கிறது, இன்னும் நிற்கவில்லை. பேருந்துக்குத் திரும்பிவிட்டேன், பாதி நாள் ஷிஃப்ட். விஜி வீட்டில் மிச்சமிருந்த டப்பாக்களை அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். விசாரணை நடக்கிறது, அவள் தூக்கம் கெட்டுத் திரிகிறாள். நிவேதாவின் ரத்தம் மூன்றாவது மாதம் சுத்தமாகிவிட்டது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்து, "நார்மல்மா," என்றாள். "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். பக்கத்திலிருந்த வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் மல்லிகா இன்னும் அதே கிரீமைப் பூசுகிறார் என்று விஜிக்குத் தெரிந்தது. வேறு யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார். "வாங்க அண்ணி, நேர்ல போவோம். நான் சொன்னா கேக்க மாட்டாங்க. உங்களப் பாத்தாக் கேப்பாங்க," என்றாள். எனக்கு அன்று காலை ஷிஃப்ட் முடிந்திருந்தது. படுக்க வேண்டும் போல இருந்தது. போனேன்.

எட்டாவது மாடி. மல்லிகா என் வயதுக்காரர், பள்ளி உணவுக்கூடத்தில் கடை வைத்திருக்கிறார். முகம் தெளிவாக, பளிச்சென்று இருந்தது. என் முகத்தைப் பார்த்தார்.

"இதப் போட்டும் உங்களுக்கு மங்கு போகலயா?"

"போச்சுக்கா. ரெண்டே வாரத்துல போச்சு."

விஜி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருக்க மாட்டார். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னேன், நுரையிலிருந்து ஊசி வரை.

"எனக்கு ஒண்ணும் ஆகலயே," என்றார்.

"எனக்கும் ஆறு மாசம் ஒண்ணும் ஆகல."

அவர் வெகுநேரம் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். எழுந்து போய் இரண்டு டப்பா கொண்டுவந்து வைத்தார். ஒன்று பாதி, ஒன்று பிரிக்காதது.

"இந்தப் புதுசு யாருக்கு?" என்றேன்.

"சின்னவளுக்கு. செகண்டரி ஒண்ணுல இருக்கா, பதிமூணு வயசு. ஸ்கூல்ல கறுப்பின்னு சொல்றாங்களாம். எனக்குச் சரியா வந்துச்சின்னா அவளுக்கும் போடலாம்னு வாங்கி வச்சேன்."

நான் இரண்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். மருத்துவமனையில் கொடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், குப்பையில் போடக் கூடாது.

"நாளைக்கே போய் டெஸ்ட் எடுங்க. அவளையும் கூட்டிட்டுப் போங்க."

"அவ எதுக்கு? அவ இன்னும் தொடவே இல்லயே. அவளோடது பிரிக்காமத்தானே இருக்கு."

"உங்களோடத எங்க வச்சிருந்தீங்க?"

"பாத்ரூம்ல. கண்ணாடிக்குக் கீழ."

"என் பொண்ணும் தொடலன்னுதான் நெனச்சேன்," என்றேன்.

மல்லிகா என் முகத்தையே பார்த்தார். பிறகு உள் அறைப் பக்கம் திரும்பி, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.